எபிலேட்டரும் என் கால்களும்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஏழு மாதப் பதிவு

வலது காலில் முட்டிக்குக் கீழே பாதி முடித்திருந்தேன், கரண்ட் போய்விட்டது.

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. எங்கள் மலேசிய ஊரான சுங்கை சிப்புட்டில் அந்த மாதங்களில் மாலையானால் இடியும் மழையும் வந்துவிடும். நான் வாங்கிய எபிலேட்டர், அதாவது முடியை வேரோடு பிடுங்கும் மிஷின், ஒயர் வைத்தது, பேட்டரி கிடையாது. மெழுகுவத்தியைப் பற்ற வைத்துக் காலைப் பார்த்தேன். முடித்த இடம் உரித்த கோழியின் தோல் மாதிரி புள்ளி புள்ளியாகச் சிவந்திருந்தது. முடிக்காத இடத்தில் முடி அப்படியே நின்றது. கரண்ட் வர இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் குளித்த சூடெல்லாம் ஆறித் தோல் இறுகிவிட்டது. விட்ட இடத்திலிருந்து தொடங்கியபோது முதல் பாதியைவிட அதிகமாக வலித்தது.

ஆகவே ஒயர் மிஷின் வைத்திருப்பவர்கள் வானத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நான் இப்போதெல்லாம் மழை பெய்து ஓய்ந்த பிறகு, இரவு எட்டு மணிக்கு மேல்தான் உட்காருகிறேன். இரவில் செய்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. சிவப்பு தூக்கத்திலேயே அடங்கிவிடும். மறுநாள் காலையில் யாருக்கும் தெரியாது.

எனக்கு வயது 38. செம்பனை ஆலை ஒன்றில் கிராணி (குமாஸ்தா) வேலை. தினமும் மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். பள்ளிக்கூட நாளிலிருந்து சவரக் கத்திதான். இரண்டு நாளைக்கு ஒரு தடவை சிரைக்க வேண்டும், மூன்றாம் நாள் முள் முளைத்துவிடும். நம் ஊர் வேக்காட்டில் அந்த முள்ளும் வியர்வையும் சேர்ந்தால் வரும் அரிப்பைச் சிரைப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். முடி நீக்கும் கிரீம் போட்டுப் பார்த்தேன், அந்த வாடையை என்னால் தாங்க முடியவில்லை. வேக்சிங் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு ஈப்போவுக்குப் போக வேண்டும், போக சுமார் 30 கிலோமீட்டர், வர 30. மாதா மாதம் அதற்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். வீட்டிலேயே, யாரையும் எதிர்பார்க்காமல், சில வாரம் தாங்குகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று யோசித்தபோதுதான் எபிலேட்டர் ஞாபகத்துக்கு வந்தது.

எபிலேட்டர் என்பது, பார்க்கப் போனால், பல சாமணங்கள் சேர்ந்த ஓர் உருளை. மெல்லிய உலோகத் தகடுகள் அதில் வரிசையாக நிற்கும். மோட்டார் உருளையைச் சுற்றும்போது ஒரு பக்கத்தில் தகடுகள் ஜோடி ஜோடியாக நெருங்கும். நெருங்கும் இடத்தில் இருக்கும் முடி மாட்டிக்கொள்ளும், சுழற்சி அதை வேரோடு இழுக்கும், மறுபக்கம் போனதும் தகடு விலகி முடியை விட்டுவிடும். சவரக் கத்தி தோலின் மட்டத்தில் முடியை வெட்டுகிறது. அதனால்தான் மழுங்கிய நுனி முள்ளாகக் குத்துகிறது. எபிலேட்டரில் முடி அடியோடு வருவதால் மறுபடி வளர்வது கூரான புது நுனி, தொட்டால் மெத்தென்று இருக்கும். பிடுங்கினால் முடி தடித்து வளரும் என்று வீட்டுக்கு வீடு ஒரு பயம் இருக்கிறது. அப்படி ஆகாது. சிரைத்த முடி தடித்த மாதிரி தெரிவதுகூட அந்த மழுங்கிய நுனியால்தான்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி கிடைத்தது, இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. உலகமெங்கும் முதலில் பரவிய எபிலேட்டர் எப்பிலேடி. 1986-இல் இஸ்ரேலின் ஹகோஷ்ரிம் என்ற கூட்டுப் பண்ணையிலிருந்து வந்தது. அதில் தகடு கிடையாது, வில்லாக வளைத்த சுருள் கம்பி ஒன்று வேகமாகச் சுழலும். வளைவின் வெளிப்பக்கத்தில் சுருள்கள் விரிந்து முடியை உள்ளே விடும், உட்பக்கம் வந்ததும் நெருங்கிப் பிடித்து இழுக்கும். பின்னால் ரெமிங்டன் நிறுவனம் கம்பிச் சுருளை எடுத்துவிட்டு, வரிசையாகக் கீறல் போட்ட ரப்பர் தண்டு ஒன்றை வைத்து அதே வேலையைச் செய்தது. இது காப்புரிமை மீறலா இல்லையா என்று பல நாடுகளில் வழக்கு நடந்தது. 1989-இல் லண்டன் நீதிமன்றம் மீறல் இல்லை என்றது. ஜெர்மனியிலோ மீறல்தான் என்று தீர்ப்பு. ஒரே ரப்பர் தண்டு, இரண்டு தீர்ப்பு. காப்புரிமைச் சட்டம் படிப்பவர்கள் இன்றைக்கும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

ரப்பரில் கீறல் என்று படித்ததும் அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டேன். அம்மா முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்குப் போய்விட்டு, பால் பிடிக்கும் மங்கும் வாளியும் கத்தியுமாகக் காட்டுக்குள் போனவர். பக்கத்து ஊரான கோலகங்சாரில் 1877-இல் வந்த கன்றுகளில் வளர்ந்த ரப்பர் மரம் ஒன்று இன்னும் நிற்கிறது, சின்ன வயதில் அதை எனக்குக் காட்டியதும் அம்மாதான். இந்த மிஷினைக் காட்டி விஷயத்தைச் சொன்னபோது கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாங்க கொசுவுக்குப் பயந்து கால் முழுக்க மூடிக்கிட்டுப் போவோம். கால்ல முடி இருக்கா இல்லையான்னு பார்க்க எங்க நேரம்?" என்றார். அதில் குறை எதுவும் இல்லை, ஒரு தகவலாகத்தான் சொன்னார். பிறகு குப்பைமேனி இலையையும் கஸ்தூரி மஞ்சளையும் அரைத்துத் தன் அம்மா பூசச் சொன்னதைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். பூசிய மஞ்சள் வியர்வையில் கரைந்து சட்டையெல்லாம் கறையானதுதான் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

சரி, மிஷினுக்கு வருகிறேன். 189 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். இரண்டு வேகம், ஒரு சின்ன விளக்கு, அகலம் குறைந்த தலை. தகடு ஜோடிகள் அதிகமும் தலை அகலமும் உள்ளவை வேலையைச் சீக்கிரம் முடிக்கும், ஆனால் ஒரே நேரத்தில் அதிக முடியைப் பிடுங்கும். முதல் தடவை வாங்குபவருக்கு அகலம் குறைந்ததே போதும் என்பது என் கருத்து. விளக்கு வீண் அலங்காரம் என்று நினைத்திருந்தேன், இல்லை. நம் மாநிறத் தோலில் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழுந்தால்தான் விட்டுப்போன முடி தெரிகிறது. தண்ணீரிலும் பயன்படுத்தும் வகை வேண்டுமென்றால் பேட்டரி வைத்ததை வாங்குங்கள். ஒயரில் ஓடும் மிஷினை ஈரம் உள்ள இடத்துக்குக் கொண்டே போகக் கூடாது. நான் படுக்கையறையில் பழைய வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்துக்கொண்டு உட்காருவேன். வெள்ளையாக இருந்தால் விழுந்த முடி தெரியும், உதறுவதும் சுலபம்.

முடியின் நீளத்தில்தான் நான் முதலில் தப்புப் பண்ணினேன். பல வாரம் சிரைக்காமல் விட்டு, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த பிறகு தொடங்கினேன். நீண்ட முடியைத் தகடு பிடிக்கும்போது இழுபடும் தூரம் அதிகம், வலியும் அதிகம். சில முடிகள் உருளையில் சுற்றிக்கொண்டன. இரண்டு முதல் ஐந்து மில்லிமீட்டர்தான் சரியான அளவு. கையில் ஸ்கேல் இல்லாவிட்டால் அரிசியைப் பாருங்கள், பாதி அரிசி நீளம் இருந்தால் போதும். அதற்கு மேல் வளர்ந்துவிட்டால் முதலில் டிரிம்மரால் குறைத்துக்கொள்ளலாம், அல்லது சிரைத்துவிட்டு நான்கைந்து நாள் பொறுத்திருந்து செய்யலாம். முதல் தடவை செய்பவர்களுக்கு இந்த இரண்டாவது வழி நல்லது.

முதல் நாள் இரவு குளிக்கும்போது பீர்க்கங்கூட்டால் காலை மெதுவாகத் தேய்க்கிறேன். வேலிப் பீர்க்கங்காயை முற்ற விட்டுக் காயவைத்த கூடுதான். தோலின் மேல் படிந்த செத்த தோல் உரிந்தால் முடி நேராக வெளியே நிற்கும். ஆனால் குளியலறையில் ஈரமாகவே தொங்கும் கூட்டில் கிருமி வளரும், பயன்படுத்தியதும் வெயிலில் போட்டுவிடுங்கள். செய்யும் நாளில் தேய்க்க வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் குளித்தால் போதும். துடைத்து, காற்றாடியின் கீழ் உட்கார்ந்து, கால் முழுதாக உலர விடுங்கள். எண்ணெய், லோஷன் எதுவும் கூடாது, தகடு வழுக்கும். வியர்வை நிற்கவே மாட்டேன் என்றால் கொஞ்சம் பவுடர் தூவலாம் என்று பலரும் சொல்வார்கள். தூவினால் முடி நிற்பது உண்மைதான், ஆனால் அந்தப் பவுடர் தகடுகளுக்கு நடுவே போய் உட்காரும். அதன் விளைவு என்ன என்று கீழே சொல்கிறேன்.

இனி கையின் வேலை. மிஷினைத் தோலுக்கு நேர்குத்தாகப் பிடியுங்கள். பென்சில் பிடிப்பதுபோலச் சாய்த்தால் தகடு முடியைப் பாதியில் பிடித்து அறுத்துவிடும். இன்னொரு கையால் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும், வலியில் பாதி இதிலேயே குறையும். முட்டியில் காலை மடக்கிக்கொள்ளுங்கள், கணுக்காலுக்குப் பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டிக்கொள்ளுங்கள். முடி வளரும் திசைக்கு எதிராக, கணுக்காலிலிருந்து மேல்நோக்கி, மெதுவாக. எவ்வளவு மெதுவாக என்றால், ஒரு சாண் தூரத்துக்கு நான் பத்து விநாடி எடுத்துக்கொள்கிறேன். அவசரப்பட்டால் முடி விட்டுப்போகும், திரும்ப அதே இடத்தில் ஓட்டுவோம், தோல் புண்ணாகும். அழுத்தக் கூடாது. மிஷினின் கனமே போதும். வலிக்கும் என்று பயந்து சின்ன வேகத்தில் வைத்தேன், அது எனக்குச் சரிப்படவில்லை. காலின் முடிக்குப் பெரிய வேகம்தான் சட்டென்று இழுக்கிறது. சின்ன வேகத்தை முட்டிக்கும் கணுக்காலுக்கும் வைத்துக்கொண்டேன்.

எங்கே தொடங்குவது? ஆடுசதையின் வெளிப்பக்கம். அங்கேதான் வலி குறைவு. பத்து நிமிடத்தில் உடம்பு அந்தக் கடுகடுப்புக்குப் பழகிவிடும், அப்புறம் முன்னெலும்பு, கடைசியாகக் கணுக்காலும் முட்டிக்குப் பின்னால் உள்ள மடிப்பும். நான் அந்தக் கரண்ட் போன மாலையில் கணுக்காலில் தொடங்கினேன், அது பெரிய தப்பு. மாதவிலக்குக்கு முந்திய இரண்டு மூன்று நாளிலும் முதல் நாளிலும் தோல் வழக்கத்தைவிட வலி உணரும், அந்த நாட்களைத் தவிர்க்கிறேன். மரத்துப்போகும் களிம்பைக் கால் முழுக்கப் பூசிவிட்டுச் செய்யலாமே என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். வேண்டாம். அந்த மருந்தை இவ்வளவு பெரிய பரப்பில் பூசினால் ரத்தத்தில் கலந்து இதயத்துக்கே ஆபத்தாக முடியலாம்.

என் குறிப்புப் புத்தகத்தில் இப்படி எழுதியிருக்கிறது. முதல் தடவை: முட்டிக்குக் கீழே இரண்டு காலும், கரண்ட் போன நேரத்தைக் கழித்து 1 மணி 20 நிமிடம், வலி பத்துக்கு எட்டு. ஒன்பதாம் நாள்: மறுபடி முடி!

அந்த ஒன்பதாம் நாள் மனசு விட்டுப்போனது. வேரோடு பிடுங்கினால் நான்கு வாரம் என்றுதானே பெட்டியில் போட்டிருந்தது? பிறகுதான் புரிந்தது, அந்த முடிகள் நான் பிடுங்கியவை இல்லை. முடி எல்லாம் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. ஒவ்வொரு வேரும் கொஞ்ச காலம் வளர்க்கும், கொஞ்ச காலம் ஓய்வில் இருக்கும், அப்புறம் மறுபடி தொடங்கும். காலில் எந்த நேரத்தில் பார்த்தாலும் பாதிக்கு மேல் ஓய்வில்தான் இருக்கும். அது மட்டுமில்லை, வருஷக்கணக்கில் சிரைத்து வந்த காலில், அன்றைக்குத் தோலின் மட்டத்துக்குக் கீழே இருந்த முடிகள் மிஷினின் பிடியில் சிக்காமல் தப்பித்திருக்கும். அவைதான் ஒன்பதாம் நாள் தலை நீட்டின. பொறுமையாக, வாரம் ஒரு தடவை, வெளியே வந்தவற்றை மட்டும் எடுத்தால் இரண்டு மூன்று மாதத்தில் எல்லாம் ஓரளவுக்கு ஒரே வரிசைக்கு வந்துவிடுகிறது. இரண்டாம் தடவை 35 நிமிடம், வலி ஆறு. ஐந்தாம் தடவை 20 நிமிடம், வலி மூன்று. இப்போது இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, கால் மணி நேரம். அந்த இரண்டாவது வாரத்தில் வெறுத்துப்போய்ச் சவரக் கத்தியை எடுப்பவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். எடுத்தால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

இனி சொல்லப்போவதுதான் நான் இந்தப் பதிவை எழுதக் காரணம்.

மூன்றாம் தடவை தொடையிலும் செய்தேன். முடித்ததும் கால் எரிந்தது. வீட்டில் பழக்கம், தேங்காய் எண்ணெயை எடுத்து நிறையத் தடவிக்கொண்டு படுத்துவிட்டேன். மறுநாள் இறுக்கமான ஜீன்ஸ் போட்டு, மோட்டாரில் போய், எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் இரண்டு தொடையிலும் சிவப்புப் பருக்கள், சிலவற்றில் வெள்ளைச் சீழ் முனை. முடி வந்த துளை ஒவ்வொன்றும் அன்றைக்குச் சின்னக் காயம்தான். அதன் மேல் எண்ணெய் அடைத்து, வியர்வை ஊறி, துணி உரசினால் தோலில் எப்போதும் இருக்கும் கிருமி உள்ளே போய்விடும். முடிவேர் அழற்சி என்பது இதுதான். அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இரண்டு இடத்தில் முடி வெளியே வராமல் தோலுக்கு அடியில் சுருண்டிருப்பது தெரிந்தது. தையல் ஊசியால் குத்தி எடுத்தேன்.

பருக்கள் ஒரு வாரத்தில் அடங்கின. வெந்நீரில் நனைத்த துணியால் ஒரு நாளைக்கு மூன்று தடவை ஒத்தடம், பருத்திப் பாவாடை, எண்ணெய் இல்லை, கை வைப்பது இல்லை. ஊசி குத்திய இரண்டு இடத்தில் மட்டும் கரும்பழுப்புத் தழும்பு நின்றுவிட்டது. ஐந்து மாதமாகிறது, மங்கிவிட்டது, ஆனால் போகவில்லை. நம் மாதிரி நிறம் உள்ள தோலில் சின்ன வீக்கம்கூட ஆறிய பிறகு கருமையாகத் தங்கிவிடும், வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். மிஷினோடு வந்த கையேட்டில் வெள்ளைத் தோல் கால்தான் படமாக இருந்தது, சிவப்பு சில மணி நேரத்தில் போய்விடும் என்று எழுதியிருந்தது. சிவப்பு போனது உண்மைதான். அது விட்டுப்போகும் கருமையைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. எனக்கு முன்னால் யாராவது தமிழில் இதைச் சொல்லியிருந்தால் அந்த ஊசியைத் தொட்டிருக்க மாட்டேன்.

இப்போது முடித்ததும் செய்வது இவ்வளவுதான். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் வைக்கிறேன். பிறகு வாசனை சேர்க்காத கற்றாழை ஜெல் மெல்லிசாக. ஒரு நாள் முழுக்கத் தளர்ந்த பருத்தித் துணி. அந்த ஒரு நாளில் நீச்சல் இல்லை, வெயிலில் நடை இல்லை, வாசனைத் திரவியம் இல்லை. மூன்றாம் நாளிலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவை பீர்க்கங்கூடு. முடி தோலுக்குள் சுருண்டால் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, அது தானாக வெளியே தலைகாட்டும்வரை காத்திருக்கிறேன். சீழ் பரவினாலோ, தொட்டால் சூடாக வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ கிளினிக்குக்குப் போய்விடுங்கள், வீட்டு வைத்தியம் வேண்டாம்.

அக்குளில் இரண்டு தடவை செய்தேன். கையைத் தலைக்கு மேல் தூக்கித் தோலை நன்றாக இழுத்து, மேலும் கீழும் பக்கமும் ஓட்ட வேண்டும், ஏனென்றால் அங்கே முடி எல்லாத் திசையிலும் வளர்கிறது. செய்ய முடியும், ஆனால் எனக்கு அந்த வலி வேண்டாம். அங்கே சவரக் கத்தியோடு இருந்துவிட்டேன்.

நான்காம் மாதம் மிஷினின் சத்தம் மாறியது. முன்பு சீராக இரைந்தது, இப்போது கொஞ்சம் முனகியது. முடி முழுதாக வராமல் பாதியில் அறுந்தது. அறுந்த முடிதான் பிறகு தோலுக்குள் சுருள்கிறது, ஆகவே இதை விட்டுவைக்க முடியாது. பிளக்கைக் கழற்றிவிட்டு, தலையைத் தனியாக எடுத்துப் பார்த்தேன். தகடுகளுக்கு நடுவே முடித் தூளும் தோல் தூளும் நான் தூவிய பவுடரும் சேர்ந்து மாவுபோல இறுகியிருந்தன. உருளையின் ஓரத்தில் நீண்ட முடிகள் நூல்கண்டு மாதிரி சுற்றியிருந்தன, முதல் நாள் ஒரு சென்டிமீட்டர் முடியோடு தொடங்கியதன் மிச்சம். சாமணத்தால் சுற்றிய முடியை ஒவ்வொன்றாக எடுத்தேன். மெல்லிய பிரஷை ஸ்பிரிட்டில் நனைத்து, உருளையை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, ஒவ்வொரு தகடாகத் துலக்கினேன். நாற்பது நிமிடம் ஆனது. முழுதாகக் காய்ந்த பிறகுதான் மாட்டினேன், ஸ்பிரிட் தீப்பிடிக்கும். இப்போது ஒவ்வொரு தடவையும் முடித்தவுடன் இரண்டு நிமிடம் இதைச் செய்கிறேன். பவுடரை அன்றோடு விட்டுவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து மிஷின் திடீரென்று ஓடவில்லை. ஒயரை ஒரு பக்கம் மடக்கிப் பிடித்தால் ஓடும், விட்டால் நிற்கும். என் தம்பி ஆலையில் சார்ஜ்மேன், கரண்ட் வேலை பார்ப்பவன். அவனிடம் காட்டுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். வீட்டு ஆண்களிடம் சொல்லும் விஷயமாக இதை யாரும் எங்களுக்குப் பழக்கவில்லை. கடைசியில் என்ன மிஷின், எதற்கு என்று நேராகவே சொல்லிக் கொடுத்தேன். அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மீட்டரை எடுத்து வந்து அடாப்டரின் முனையில் வைத்துப் பார்த்தான்.

"மிஷின் நல்லா இருக்குக்கா. ஒயர்தான் உள்ளே அறுந்திருக்கு. முடிச்சதும் மிஷின் மேல இறுக்கமா சுத்தி வைக்கிறீங்களா?"

ஆமாம், அப்படித்தான் வைத்தேன். புது அடாப்டர் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்று பழையதன் மேல் எழுதியிருப்பதைக் காட்டிச் சொன்னான். வோல்ட் அதே எண் இருக்க வேண்டும், என்னுடையதில் 12. ஆம்பியர் அதே அளவு அல்லது கொஞ்சம் அதிகம். முனையில் நடுக்குழி பிளஸ்ஸா மைனஸா என்று ஒரு சின்ன வட்டப் படம் போட்டிருக்கும், அதுவும் ஒத்துப்போக வேண்டும், மாறினால் மோட்டார் திருப்பிச் சுற்றும், அல்லது உள்ளே இருப்பது எரிந்துவிடும். ஏசியா டிசியா என்றும் பார்க்க வேண்டும். கடைத்தெருவில் 25 வெள்ளிக்குக் கிடைத்தது. இப்போது ஒயரைப் பெரிய வளையமாகத் தளர்த்திச் சுற்றித் தனியாக வைக்கிறேன்.

அம்மாவுக்கும் செய்துவிடட்டுமா என்று ஒரு நாள் கேட்டேன். அவருக்கும் ஆசை இருந்தது. ஆனால் அம்மாவுக்கு இனிப்புநீர் இருக்கிறது. அதோடு வருஷக்கணக்கில் நின்ற காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது. இனிப்புநீர் உள்ளவர்களுக்குச் சின்னப் புண்ணும் ஆற நாளாகும், சீழ் பிடித்தால் கஷ்டம். புடைத்த நரம்பின் மேல் மிஷினை ஓட்டவே கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், பருவுக்கு ரெட்டினாய்டு மருந்து எடுப்பவர்கள், காயம் பட்டால் தழும்பு தடித்து வளரும் உடம்புக்காரர்கள் ஆகியோரும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். மச்சம், மரு, வெட்டுக்காயம் இருந்தால் அந்த இடத்தைச் சுற்றி விட்டுவிடுங்கள். அம்மாவிடம் இதைச் சொல்லிவிட்டு, அன்று அவர் காலுக்கு வெறும் மாய்ஸ்சரைசர் மட்டும் தேய்த்துவிட்டேன்.

சென்ற மாதம் அண்ணன் மகள் வந்திருந்தாள். பதினாறு வயது. எல்லோரும் தூங்கின பிறகு என் அறைக்கு வந்தாள். "அத்தை, அந்த மிஷினை முகத்துக்குப் போடலாமா?" என்று கேட்டாள். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். தாடைக்குக் கீழே கறுத்துத் தடித்த முடிகள், அதன் பக்கத்தில் சாமணத்தால் பிடுங்கிப் பிடுங்கி உண்டான கருமை. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டேன். மூன்று மாதமாக வரவில்லை என்றாள், அம்மாவிடம்கூடச் சொல்லவில்லையாம்.

முகத்திலும் கழுத்திலும் முடி இப்படித் தடித்து வளர்ந்து, மாதவிலக்கும் தப்பினால், ஹார்மோனைப் பார்க்க வேண்டும். பிசிஓஎஸ் என்கிற சினைப்பைக் கோளாறு அதற்கு ஒரு பொதுவான காரணம். மிஷின் வெளியே வந்த முடியை எடுக்கும், உள்ளே இருக்கும் காரணத்தை எடுக்காது. கால் முடிக்கான தலையை முகத்தில் வைக்கவும் கூடாது, தாடைத் தோல் மெல்லியது, கருமை இன்னும் ஆழமாக விழும். இதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். என் தொடையில் இருக்கும் இரண்டு தழும்பையும் காட்டினேன். என் மிஷினை அவளுக்குக் கொடுக்கவும் இல்லை. சொந்தக்காரர்களாகவே இருந்தாலும் எபிலேட்டரை இருவர் பங்கு போடக் கூடாது, கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தமும் கிருமியும் தகட்டில் இருக்கும்.

மறுநாள் காலை அண்ணியிடம் நானே பேசினேன். திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு மூன்று பேருமாக அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போனோம். பதிவுக்கு 1 வெள்ளி. டாக்டர் அம்மா பொறுமையாகக் கேட்டார், ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்தார். முடிவு என்ன என்பது அவள் விஷயம், அதை இங்கே எழுத மாட்டேன். அதுவரை தாடையில் என்ன செய்யலாம் என்று அவளே கேட்டாள். பிடுங்குவதை நிறுத்திவிட்டு, வேண்டுமானால் சின்னக் கத்தரியால் வெட்டிக்கொள்ளலாம், வெளியே போகும்போது சன்ஸ்கிரீன் பூச வேண்டும் என்றார்.

திரும்பி வரும் வழியில் ஒட்டுக்கடையில் வடை சாப்பிட்டோம். கால் முடிக்காவது மிஷின் வாங்கலாமா என்று கேட்டாள். அடுத்த பள்ளி விடுமுறையில் வா, முதலில் ஆடுசதையில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் செய்து ஒரு வாரம் பார்ப்போம் என்றேன். அதுவரை சிரைக்காமல், பாதி அரிசி நீளத்துக்கு வளர்த்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கென்று தனி மிஷின், கூடவே ஒரு பாட்டில் ஸ்பிரிட்டும் மெல்லிய பிரஷும் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். வேலியில் ஒரு பீர்க்கங்காயையும் பறிக்காமல் முற்ற விட்டிருக்கிறேன்.